தண்ணீர் எங்கே போனது? சிறு குழந்தைகளுக்கு நீர் சுழற்சியைச் செய்து காட்டும் வழி

முதன்முதலில் நீர் சுழற்சி பாடம் நடத்தியபோது சுவரில் ஒரு பெரிய வண்ணப்படத்தை மாட்டினேன். கீழே கடல், மேலே மேகம், ஓரத்தில் மலை, இவற்றுக்கிடையே பளிச்சென்று சிவப்பு அம்புக்குறிகள். பாடம் முடிந்ததும் ஒரு சிறுமி ஜன்னலோரம் போய் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "சிவப்பு அம்பு ஒன்றுகூடக் காணோமே" என்றாள்.

அன்றோடு படத்தைக் கழற்றிவிட்டேன். படம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கான நாள் கடைசியில் வரும். மழை பெய்வதும் ஆறு ஓடுவதும் குழந்தைகளுக்குப் புதிதல்ல, அவற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு கலந்து நிற்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடாத இடம். அந்த ஓர் இடத்தில் நேரத்தைச் செலவழித்தால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே உள்ள வரிசையும் அதை மனத்தில் வைத்தே போட்டது. 4 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும். வகுப்பறையிலும் செய்யலாம், வீட்டிலும் செய்யலாம்.

தொடங்கும் முன்

பொருள்கள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தட்டு, சல்லடை, கண்ணாடி டம்ளர்கள், மூடியுள்ள கண்ணாடி ஜாடி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, மெல்லிய பிளாஸ்டிக் தாள், பனிக்கட்டி, உணவில் சேர்க்கும் சாயம், மணல், கூழாங்கல், தண்ணீர் தெளிப்பான், பகடை ஆகியவை போதும். ஆளுக்கொரு நோட்டும் கொடுங்கள். எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தண்ணீர் உலர்வதற்கு அதற்கான நேரம் வேண்டும். நாளுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் பிடிக்கும். காலையில் வைத்ததை மாலையில் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தில் பாதி.

முதல் படி: ஒரு தட்டும் இரண்டு கரண்டித் தண்ணீரும்

தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் தேங்க விடுங்கள். அதன் ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீர் கோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும். புதிய ஓரத்தைச் சுற்றி இன்னொரு கோடு. இப்படி நாலைந்து கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்த பிறகு தரை காய்ந்து கிடக்கும். இப்போது கேளுங்கள்: தண்ணீர் எங்கே போனது?

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதிதாக இதைச் செய்பவர்களுக்கு இதுதான் கடினம். விடை நாக்கு நுனியில் நிற்கும், சொல்லிவிடாதீர்கள். நான் கேட்டபோது கிடைத்த பதில்கள் இவை: தரை குடித்துவிட்டது. பூனை குடித்துவிட்டது. சூரியன் குடித்துவிட்டது. "காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று ஒருவன் தோளைக் குலுக்கினான். நம் மொழியிலேயே அந்த வசதி இருக்கிறது. காய்ந்தது, வற்றியது, உலர்ந்தது என்று சொல்லி முடித்துவிட்டால், போன இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த விடைகளில் எதையும் தவறு என்று தள்ளாதீர்கள். தரை குடித்தது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சிமென்ட் தரை கொஞ்சம் நீரை உறிஞ்சத்தான் செய்யும். ஆகவே மறுநாள் ஒவ்வொரு விடையையும் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். தரைமேல் சந்தேகமா? எவர்சில்வர் தட்டில் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றுவோம். எவர்சில்வர் தண்ணீர் குடிக்காது. பூனைமேல் சந்தேகமா? மேலே சல்லடையைக் கவிழ்ப்போம். சூரியன்மேல் சந்தேகமா? வெயில் எட்டாத மூலையில் வைப்போம். என் வகுப்பில் எறும்பையும் ஒருத்தி சந்தேகித்தாள். தட்டைச் சுற்றிச் சாக்பீஸ் கோட்டைக் கட்டி, காவலுக்கு இரண்டு பேரை உட்காரவைத்தோம்.

நீர் போய்விடும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் சில மணி நேரத்தில், மழைக்காலமாக இருந்தால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். தரையும் இல்லை, பூனையும் இல்லை, வெயிலும் இல்லை; ஆனாலும் தட்டு வெறுந்தட்டு. அந்த நிமிடம் வகுப்பில் விழும் அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்று பெரியவர்களிலும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிழலில் கிடக்கும் தட்டு அந்த எண்ணத்தையும் சேர்த்தே போக்கிவிடும்.

தட்டும் தண்ணீரும் பச்சைப்பிள்ளை விளையாட்டு என்று யாராவது சிரித்தால், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலியும் இதைத்தான் செய்தார் என்று சொல்லுங்கள். பாத்திரத்தில் நீரை வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பார்த்து, மத்தியதரைக் கடலிலிருந்து எவ்வளவு நீர் மேலே போகும் என்று கணக்கிட்டு 1687-இல் வெளியிட்டார்.

இதை ஒட்டிச் செய்யக்கூடியவை இரண்டு. ஒரே அளவு ஈரத்துணிகளில் ஒன்றை விரித்தும் ஒன்றைச் சுருட்டியும் காயவிடுவது முதலாவது. ஒரே மட்டத்துக்கு நீர் நிரப்பிய இரண்டு டம்ளர்களில் ஒன்றை மட்டும் மூடி, வாரம் முழுவதும் மட்டத்தைக் கோடிட்டு வருவது இரண்டாவது. மூடிய டம்ளரில் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மூடியின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் துளிகளும் நிற்கலாம். அதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

சொல் பிறகு வரட்டும்

பார்த்து முடித்த பிறகுதான் "ஆவியாதல்" என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாடப்புத்தகத்துக்கு ஆவி என்றால் நீராவி. குழந்தைக்கு ஆவி என்றால் பேய். "தண்ணீர் ஆவியாகிவிட்டது" என்று நான் சொன்னதும் கடைசி வரிசையில் ஒருவன் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டான். அதனால் "நீராவி" என்றே முழுதாகச் சொல்லுங்கள். "ஆவி சுருங்குதல்" அதைவிடச் சங்கடம். சட்டை சுருங்குவதைத்தான் அவர்களுக்குத் தெரியும். "நீராவி குளிர்ந்து திரும்பவும் தண்ணீராவது" என்று நீட்டிச் சொன்னால் எந்தக் குறையும் வந்துவிடாது. 8 வயதில் பரீட்சைக்கு வேண்டிய சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வியர்க்கும் டம்ளர்

போன தண்ணீர் திரும்பி வருவதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கண்ணாடி டம்ளரில் பாதிக்குப் பனிக்கட்டி போட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, ஒரு குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஈரமில்லை என்று எல்லோர் முன்பும் சொல்லவையுங்கள். ஐந்து அல்லது பத்து நிமிடம் காத்திருங்கள்.

முதலில் கண்ணாடி மங்கும். பிறகு மங்கலின்மேல் விரலால் கோடு போட முடியும். பிறகு பொடிப்பொடியாகத் துளிகள், அவற்றில் இரண்டு ஒட்டி ஒன்றாகி, கனம் தாங்காமல் கீழே வழியும். "டம்ளருக்கு வியர்க்கிறது" என்பார்கள். டம்ளர் ஓட்டை என்பார்கள். உள்ளிருந்து நீர் கசிகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்காது. வியர்வை என்ற சொல்லும் அதைத்தானே சொல்கிறது? வெள்ளைத் துணியைக் கொடுத்து வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். துணியில் ஈரம் இருக்கும், சிவப்பு இருக்காது.

அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நேற்றுத் தட்டிலிருந்து போன தண்ணீரின் நினைவு யாராவது ஒருவருக்கு வரும். வராவிட்டால் வெறுந்தட்டை எடுத்துவந்து டம்ளருக்குப் பக்கத்தில் வையுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

கிராம் கணக்கில் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இருந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மூடிய தண்ணீர் பாட்டிலைத் துடைத்து அதன்மேல் நிறுத்துங்கள். யாரும் தொடாமலே எடை ஏறும். காற்றிலிருந்து வந்து ஒட்டிய நீரின் எடை அது. குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், டம்ளர் சரியாக வியர்க்காது. அதை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் குழந்தைகளை டம்ளர்மேல் வாய் திறந்து ஊதச் சொல்லுங்கள். மூச்சிலும் நீராவி இருக்கிறது என்பது கூடுதலாகக் கிடைக்கும் பாடம்.

மூன்றாம் படி: பைக்குள் ஒரு சுழற்சி

ஜிப் பையில் கால் டம்ளர் நீரில் சில சொட்டு நீலச் சாயம் கலந்து ஊற்றி, கொஞ்சம் காற்றோடு மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டுங்கள். சில மணி நேரத்தில் பையின் மேற்பகுதி மங்கி, துளிகள் சேர்ந்து கீழே இறங்கும்.

எல்லோரும் செய்யும் செயல்தான், எல்லோரும் செய்யும் பிழைகளும் உண்டு. நீரை நிறைய ஊற்றினால் இரவில் பை கழன்று விழும். ஒட்டும்போது பையை ஆட்டினால் நீலம் மேலே தெறித்துவிடும். பிறகு ஏறிய நீர் நிறமில்லாமல் இருப்பதைக் காட்ட முடியாது. இந்தப் பைக்குச் சாயம் போடுவதே அதற்காகத்தான். பையின்மேல் மேகமும் சூரியனும் வரைவது வழக்கம். நான் வரைய விடுவதில்லை. வரைந்தால் பார்வை ஓவியத்துக்குப் போய்விடுகிறது, துளிக்கு வருவதில்லை.

வெயில் நன்றாக இருந்தால் கிண்ணத்தில் உப்பு நீர் வைத்துப் பாருங்கள். அகன்ற கிண்ணத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்பு கலந்த வெந்நீர், நடுவில் கிண்ணத்தைவிடக் குட்டையான காலி டம்ளர், மேலே இறுக்கமாகப் பிளாஸ்டிக் தாள், தாளின்மேல் டம்ளருக்கு நேராக ஒரு கூழாங்கல். தாள் சரிந்து நிற்கும். அடியில் படியும் துளிகள் சரிவில் இறங்கி டம்ளரில் விழும். நாள் முழுவதும் வைத்தாலும் சில கரண்டிதான் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாத்திரமெல்லாம் சுத்தமாக இருந்தால் சுவைத்துப் பார்க்கலாம். கடல் உப்பாக இருக்க மழை ஏன் உப்பாக இல்லை என்ற கேள்விக்கு நாக்கே பதில் சொல்லிவிடும்.

நான்காம் படி: ஜாடிக்குள் மேகம்

இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். வெந்நீரும் தீக்குச்சியும் இருக்கின்றன. குழந்தைகள் ஓரடி தள்ளி உட்காரட்டும். கண்ணாடி ஜாடியை முதலில் வெதுவெதுப்பான நீரால் அலசுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். பிறகு இரண்டு விரல் உயரத்துக்கு நல்ல சூடான நீர், கொதிநீர் வேண்டாம். வாயின்மேல் பனிக்கட்டி நிறைந்த எவர்சில்வர் தட்டை வைத்து, ஜாடிக்குப் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தட்டைத் தூக்கி, அணைத்த தீக்குச்சியின் புகையைச் சற்று உள்ளே விட்டு, உடனே மூடுங்கள். இந்த முறை வெள்ளையாகச் சுருண்டு மேகம் எழும்.

புகை எதற்கு? நீராவி துளியாக மாற ஏதாவது ஒரு தூசியைப் பற்றிக்கொள்ள வேண்டும். வானத்தில் தூசி, கடல் உப்பின் துகள், புகை எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. குழந்தைகளிடம் "உட்கார ஒரு நாற்காலி வேண்டும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மேகம் நீராவி என்று சொல்லிவிடாதீர்கள். பல ஆசிரியர்கள் சறுக்கும் இடம் இது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டியில் நீர் கொதிக்கும்போது மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை இடம் வெறுமையாகத் தெரியும். நீராவி இருப்பது அங்கே. அதற்கப்பால் வெள்ளையாகப் பறப்பது குளிர்ந்துவிட்ட பொடித் துளிகள். மேகமும் அந்த வெள்ளைதான், உயரத்தில் துளிகளோடு பனித்துகள்களும் இருக்கலாம். மேகத்துளி ஒன்று சுமார் 0.02 மில்லிமீட்டர் அகலம். மழைத்துளி சுமார் 2 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும்.

"மேகம் ஏன் விழவில்லை?" என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். துளி அவ்வளவு பொடியாக இருப்பதால் மிக மெதுவாகத்தான் இறங்கும். மேலெழும் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைக் காட்டுங்கள்.

இணையத்தில் இன்னொன்று பரவலாகச் சுற்றுகிறது: தண்ணீரின்மேல் சவர நுரையைப் பரப்பி, நுரைமேல் வண்ணச் சொட்டுகள் விட்டு, அவை ஒழுகுவதை மழை என்று காட்டுவது. பார்க்க அழகு, குழந்தைகளும் குதிப்பார்கள். ஆனால் மேகம் என்பது தண்ணீரை ஊறவைத்துத் தாங்கும் பஞ்சு, நிறைந்தால் ஒழுகும் என்ற எண்ணத்தை அது ஆழமாகப் பதித்துவிடுகிறது. பிறகு அதைப் பிடுங்கி எறிய ஒரு வாரம் ஆகும். விளையாட்டு என்று சொல்லி விளையாடுங்கள்; பாடம் என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: விழுந்த பிறகு

கெட்டியான தாளை நன்றாகக் கசக்கிப் பாதி மட்டும் விரித்து, மேடுபள்ளத்தோடு மேசைமேல் நிறுத்துங்கள். மேட்டின் முகடுகளில் நீரில் கரையும் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடட்டும். மேலிருந்து தெளிப்பானால் ஐந்தாறு முறை மழை. நீலம் முகட்டிலிருந்து இறங்கி ஓடைகளாகி, பள்ளத்தில் ஏரியாகத் தேங்கும். தெளிப்பதற்கு முன் "ஏரி எங்கே வரும்?" என்று விரல் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

ஆறு ஓடுவதற்கு மழை போதுமா என்ற சந்தேகம் பெரிய அறிஞர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. கடல்நீர் பூமிக்கடியில் ஏறி ஊற்றாக வருகிறது என்று நம்பினார்கள். பிரான்சில் பியர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் விழும் மழையைக் கணக்கிட்டு, அது ஆற்றில் ஓடும் நீரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று 1674-இல் காட்டினார்.

மீதி ஐந்து மடங்கு எங்கே போனது? தொட்டுப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கண்ணாடி ஜாடியில் கூழாங்கல்லும் மேலே மணலும் போட்டு நீரை ஊற்றினால், அது மணலில் மறைந்து அடியில் தேங்குவது பக்கவாட்டில் தெரியும், நிலத்தடி நீர். வெயில் படும் செடியின் இலைக்கொத்து ஒன்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே துளிகள் இருக்கும். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதியை இலை வெளியே விட்டுவிடுகிறது. பார்த்ததும் பையைக் கழற்றிவிடுங்கள், செடி வெந்துவிடும்.

கடைசியில் படமும் பகடையும்

இப்போது வெள்ளைத்தாள் கொடுத்து, தட்டிலிருந்து போன தண்ணீரின் பயணத்தை வரையச் சொல்லுங்கள். அம்புக்குறியை அவர்களே போடுவார்கள். அது எதைக் குறிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

படத்திலும் ஒரு குறை உண்டு. துளிகள் எல்லாம் வரிசையாக வட்டமடிப்பதுபோல் அது காட்டும். அதைச் சரிசெய்யத்தான் பகடை. அறையின் ஆறு இடங்களில் கடல், மேகம், பனிமலை, ஆறு, நிலத்தடி, செடி என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு துளி. எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். கடலில் இருப்பவர் 1 விழுந்தால் மட்டும் மேகத்துக்குப் போகலாம். பனிமலையில் இருப்பவர் 6 விழுந்தால் ஆற்றுக்கு. மேகத்தில் 1, 2, 3 என்றால் கடல், 4 ஆறு, 5 நிலத்தடி, 6 பனிமலை. ஆற்றில் 1, 2, 3 கடல், 4 மேகம், 5 நிலத்தடி, 6 செடி. நிலத்தடியில் 1 ஆறு, 2 செடி, 3 கடல், மற்றவை விழுந்தால் அங்கேயே. செடியில் 6 விழுந்தால் மட்டும் இருக்க வேண்டும், வேறு எது விழுந்தாலும் மேகம்.

20 முறை உருட்டிவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். கடலில்தான் கூட்டம் நெரியும். பூமியின் நீரில் சுமார் 97 சதவீதம் கடலில் இருக்கிறது என்பதை அந்த நெரிசலைக் காட்டியே சொல்லலாம். மேகத்தில் யாரும் நிலைப்பதில்லை என்பதையும் கவனிப்பார்கள். காற்றுக்குப் போன நீர் சராசரியாக ஒன்பது பத்து நாளில் கீழே வந்துவிடும்.

என் வகுப்பில் ஒருவன் 19 முறை உருட்டியும் கடலைவிட்டு நகரவில்லை. உதடு பிதுங்கி, அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். உண்மையான துளி கடலுக்குள் போனால் சராசரியாகச் சுமார் 3,000 ஆண்டு அங்கேயே இருக்கும், நீ பரவாயில்லை என்று சமாதானம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். பகடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தான். "அப்படியென்றால் நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனான்.